ஊர்ச் சுவை கடல் தாண்டி வர: தபாலா, கூரியரா, வருகிறவர் பெட்டியா?

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரிலிருந்து தின்பண்டம் வந்துசேர நாலு வழி உண்டு. தபால், கூரியர், அந்தப் பக்கம் கிளம்பி வருகிற யாருடைய பெட்டியாவது, அப்புறம் இருக்கிற இடத்திலேயே உள்ள இறக்குமதிக் கடை. எது மலிவு, எது வேகம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன். பெட்டிக்குள் இருப்பது என்ன, சுங்கத்தில் அதற்குப் பதில் சொல்லப்போவது யார் என்ற இரண்டும் தெரிந்தால், பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும்.

பொடி, உலர்ந்த பண்டம், பொரித்து ஆறவைத்தது, இப்படி ஈரமில்லாத எதற்கும் என் ஓட்டு தபாலுக்குத்தான். 1874-இல் தொடங்கிய சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் ஏற்பாட்டில், ஒரு நாட்டுத் தபால்துறை ஏற்றுக்கொண்ட பெட்டியை இன்னொரு நாட்டுத் தபால்துறை வாங்கி வீட்டில் கொடுக்கிறது. டிராக்கிங் எண்ணும் எல்லா நாட்டுக்கும் ஒரே அச்சுதான்: முதலில் இரண்டு எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. விமானம் ஏறியபின் அனுப்பிய நாட்டின் தளத்தில் தகவல் நின்றுபோனால் பதற வேண்டாம். அதே எண்ணைப் பெறும் நாட்டுத் தபால்துறையின் தளத்தில் போட்டுப் பாருங்கள். பல நேரம் பெட்டி அங்கே சுங்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.

தபாலில் சொதப்புவது பெரும்பாலும், உள்ளே இருப்பதைச் சுங்கத்துக்குச் சொல்லும் தாளில்தான். சிஎன்22, சிஎன்23 என்று இரண்டு படிவங்கள். சின்ன பொட்டலத்துக்கு முன்னது, பெரிய பார்சலுக்குப் பின்னது. அதில் 'உணவுப்பொருள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், அதிகாரி பெட்டியைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். என்ன பண்டம், எத்தனை பொட்டலம், என்ன எடை, என்ன மதிப்பு என்று வரிவரியாக எழுதிய பெட்டி பிரிபடாமல் போக வாய்ப்பு அதிகம். 2021 முதல் இந்த விவரங்கள் மின்னணு வடிவில் பார்சலுக்கு முன்னாலேயே போய்ச்சேர வேண்டும் என்பதும் விதி. இன்னொன்று: பார்சல் படிவத்தில், கொடுக்க முடியாமல் போனால் திருப்பி அனுப்பவா, கைவிடவா என்று கேட்கும் கட்டம் இருக்கும். தின்பண்டம் என்றால் 'கைவிடு' என்பதே புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் ஊசிப்போன பெட்டி வீடு திரும்பும், அதற்குக் கூலியும் அனுப்பியவர் தலையில் விழலாம்.

கூரியர் வேகம், மறுக்கவில்லை. ஆனால் தின்பண்டத்துக்கு அதைப் போல ஏமாற்றுகிற கணக்கு வேறில்லை. அங்கே தராசு எடையோடு 'கன எடை' என்று ஒன்றும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000-ஆல் வகுப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். ஒவ்வொரு பக்கமும் 40 சென்டிமீட்டர் உள்ள பெட்டியில் காற்றுப்போலக் கனமில்லாத நொறுக்குத்தீனியை நிரப்பினால் தராசு 4 கிலோ காட்டலாம். கட்டணமோ 12.8 கிலோவுக்கு! நொறுங்காமல் இருக்கச் சுற்றிலும் அடைத்த காகிதத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். சில நாடுகளில் விரைவுத் தபாலுக்கும் இந்தக் கணக்கு உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதோடு முடிவதில்லை. வரி விழுந்தால் கூரியர்காரர் அதைத் தாமே கட்டிவிட்டு, கட்டியதற்கு ஒரு சேவைக் கட்டணமும் சேர்த்துப் பெறுகிறவரிடம் வாங்குவார். தபாலிலும் இப்படி ஒன்று உண்டு, பொதுவாகக் குறைவு. பாசத்தோடு வீட்டார் அனுப்பியதை, வாசலில் நின்று காசு கொடுத்து மீட்க வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்புவரை வரியில்லாமல் வரும். வரம்புக்குள் நிற்கிறதா என்று கணக்குப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்காக மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். பிடிபட்டால் வரியோடு தாமதமும் சேரும். சீக்கிரம் கெடுகிற பண்டம் மூன்றே நாளில் வந்தாக வேண்டும் என்றால் மட்டும் கூரியர். அப்போதும் அந்தப் பண்டம் அந்த நாட்டுக்குள் வரலாமா என்பதை முதலில் பாருங்கள்.

ஏனென்றால் வரக்கூடாதது எந்த வழியில் போனாலும் வரக்கூடாததுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், அதற்கு வெளியே உள்ள பெரும்பாலான நாடுகளிலிருந்து இறைச்சியோ பாலோ சேர்ந்த பண்டத்தைப் பார்சலிலும் அனுப்ப முடியாது, பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. தேன் 2 கிலோவரை போகலாம். பழங்களில் அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியன் என்ற ஐந்துக்கு மட்டும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டாம். எனக்கு ஒரு தடவை வந்த பெட்டியில் ஒன்பது பொட்டலம் சரியானவை. பத்தாவது பால் சேர்ந்த இனிப்பு. அந்த ஒன்றுக்காகப் பெட்டி முழுவதும் மூன்று வாரம் நின்றது. சந்தேகமான பண்டத்தைத் தனிப் பெட்டியில் போடச் சொல்வது அன்றிலிருந்து வழக்கம்.

வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவதுதான் எல்லோருக்கும் பிடித்த வழி. சுவை கெடுவதற்குள் வந்துவிடும், கூலி கிடையாது. ஆனால் ஒருவருக்குக் கிடைப்பது பல விமானங்களில் 23 கிலோ பெட்டி ஒன்றோ இரண்டோ; அதில் அவர் வீட்டுச் சாமானும் இருக்கும். ஒரு கிலோவுக்கு மேல் கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கும். கேட்டால் நிச்சயம் சரி என்பார்கள், சங்கடமே அதுதான். எண்ணெயோ பாகோ உள்ளதைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைப் பல விமான நிலையங்கள் இன்னும் அனுமதிப்பதில்லை. குழம்பும் கூழும் அவர்கள் கணக்கில் திரவமே. மேலே காற்றழுத்தம் குறைவதால் இறுக மூடிய பொட்டலம் உப்பும், மூடி கசியும். டப்பாவை நிரம்ப அடைக்காமல், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு ஜிப் கவரில் போட்டால் அவர் சட்டை பிழைக்கும்.

முக்கியமான வித்தியாசம் வேறு. தபாலில் தவறு நடந்தால் போவது பெட்டி மட்டும். இங்கே அதிகாரி முன்னால் நிற்பது அந்த மனிதர். ஆஸ்திரேலியாவில் உணவு இருப்பதைச் சொன்னால் ஆகாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். அதனால் ஒட்டிய பொட்டலத்தை யார் கையிலும் திணிக்கக்கூடாது. திறந்து காட்டி, உள்ளே இருப்பதை ஒரு தாளில் எழுதியும் கொடுக்க வேண்டும். இறைச்சி, பால் பண்டங்களை இந்த வழியில் கேட்கவே மாட்டேன்.

கடைசியாக இறக்குமதிக் கடை. சரக்கு கப்பலில் வருவதால் கெடுதேதிக்கு முன் இருக்கும் காலத்தில் பாதி கரைந்திருக்கும். இந்த நாட்டு விதிக்காகச் சேர்மானத்தை மாற்றியிருந்தால் அதே உறையில் வேறு சுவை வரும். ஆனாலும் மளிகைச் சாமானை அங்கேதான் வாங்குகிறேன், வீட்டில் அரைத்ததற்கும் செய்ததற்கும் மட்டும் பெட்டியில் இடம். இதை அம்மாவிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் பாடு. "அது இங்கேயே கிடைக்குதும்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். அடுத்த பெட்டியிலும் அது ஒரு கிலோ இருக்கிறது.