மில் சத்துமாவு: மாவுக்கு நாலு ஸ்டார், போர்டுக்கு ஒன்று

வடசென்னையில் காசிமேட்டுக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்ன மாவு மில் இது. பெயர் வேண்டாம், இதைப் படித்துவிட்டு யாரும் போய் அவரிடம் சண்டை போட வேண்டியதில்லை. மிளகாய்த்தூள் அரைக்கத்தான் வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தேன். நாலு மாதத்துக்கு முன்னால் வாசலில் மஞ்சள் பிளெக்ஸ் ஒன்று தொங்கியது: ‘21 வகை சத்துமாவு. சர்க்கரை நோயை விரட்டும். கர்ப்பிணிகளுக்குக் குழந்தை எடை கூடும்.’ எனக்கு சுகர், தம்பி மனைவிக்கு அப்போது இரண்டாம் மாதம். எங்கள் வீட்டைப் பார்த்தே எழுதின மாதிரி இருந்ததால் இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். கிலோ 280 ரூபாய்.

மாவு நிஜமாகவே நல்ல மாவு. கேழ்வரகை முளைகட்டி மொட்டை மாடியில் காயப்போட்டு வறுக்கிறார், சந்து முனையிலேயே வாசனை வந்துவிடும். கம்பு, சோளம், பாசிப்பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை எல்லாம் தனித்தனியாக வறுபடுகிறது, ஒன்றாகக் கொட்டிக் கருக்குவதில்லை. சலித்துத் தருவதால் கட்டி தட்டாமல் கரைகிறது. ஏலக்காய் கொஞ்சம் தூக்கல், எனக்குப் பிடித்தது, தம்பிக்குப் பிடிக்கவில்லை. 21 என்னென்ன என்று விரல் விட்டு எண்ணச் சொன்னேன், பதினாலில் ஏலக்காய்க்கும் சுக்குக்கும் வந்துவிட்டார், அப்புறம் சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் வெளியில் வைத்தால் வேர்க்கடலை சிக்கு வாடை அடிக்கிறது, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இனி போர்டு. நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவள், ஊசி குத்தாமல் எதையும் நம்பும் பழக்கம் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் சுகர் 112. உப்புப் போட்டு இரண்டு டம்ளர் கஞ்சி, சர்க்கரையோ வெல்லமோ துளி கிடையாது. இரண்டு மணி நேரம் கழித்து 214. மறுநாள் மாத்திரை நேரத்தைக்கூட மாற்றாமல் திரும்பப் பார்த்தேன், 206. விரட்டுகிறது என்று போட்டிருந்தது சரிதான், எந்தத் திசையில் என்று மட்டும் போடவில்லை. போய்க் கேட்டால், “இன்னாக்கா, கேவுரு கூடவா சுகர் ஏத்தும்?” என்றார். ஏற்றும் அண்ணா. சிறுதானியமும் மாவுச்சத்துதான், நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிவிட்டால் வயிற்றுக்கு வேலையே இல்லை, சர்ரென்று ரத்தத்தில் கலந்துவிடும். போதாததற்கு ஜவ்வரிசியும் புழுங்கலரிசியும் வேறு சேர்க்கிறார், அது எடைக்கும் கொழகொழப்புக்கும். அதே மாவை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, கூட ஒரு முட்டை சாப்பிட்ட நாளில் 168 தான் வந்தது. ஆக மாவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கஞ்சியாகக் குடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

இங்கேதான் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் லேபுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், மீன்பிடி லாஞ்சில் போகிறவர்கள் வருவார்கள். தொப்பை கிடையாது, நாள் முழுக்க உடம்பு உழைப்பு, ரிப்போர்ட்டில் சுகர் 280. எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, “ஒல்லியாத்தானேம்மா இருக்கேன், எனக்கெப்படி?” எனக்கும் அதே கதைதான், 47 கிலோ, முப்பத்தெட்டு வயதில் மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை தொடங்கியாயிற்று.

பதில் கொஞ்சம் பழைய இடத்தில் இருக்கிறது. பூனாவில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1993 முதல் சுற்றுவட்டார கிராமங்களில் தாய்மார்களையும் பிள்ளைகளையும் பார்த்து வருகிறார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் 3.5. குறைந்த எடை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி குறையவில்லை. தசையும் உள்ளுறுப்புகளும்தான் அதிகம் சுருங்கியிருந்தன, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பார்க்க நோஞ்சான், உள்ளே கொழுப்பு. சர்க்கரையை வாங்கி எரிக்க வேண்டியது தசை, இன்சுலின் சுரக்க வேண்டியது கணையம், கருவிலேயே அரைவயிறாக இருந்தால் இரண்டுமே சிக்கனமாகக் கட்டப்படுகின்றன. முப்பது நாற்பது வருஷம் அந்தச் சின்ன இன்ஜினை வைத்து ஓட்டிவிட்டு, மூன்று வேளை அரிசியும் டீக்கடை பஜ்ஜியும் ஏற்றினால் திணறத்தான் செய்யும்.

நான் 1982-இல் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தேன், 1 கிலோ 900. அம்மா ஏழாம் மாதம் வரை இறால் உரிக்கும் கொட்டகையில் நின்றவள். குழந்தை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று ஆயா அவளுக்குச் சோற்றைக் குறைத்துத்தான் போட்டிருக்கிறார். அந்த ஐப்பசியில் அப்பா போன லாஞ்சு நாலு நாள் கரை திரும்பவில்லை, அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கரையிலேயே உட்கார்ந்திருந்தாளாம். பயத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் முழுசாகப் பிள்ளைக்குப் போய்ச் சேராமல் இருக்க நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் நிற்கிறது. சினை எலிகளுக்குப் புரதம் குறைத்துப் போட்டுப் பார்த்தபோது அந்தக் காவல் தளர்ந்தது, பிறந்த குட்டிகளுக்குப் பின்னால் ரத்த அழுத்தம் ஏறியது. பசியும் பயமும் தனித்தனிக் கணக்கு இல்லை போலிருக்கிறது. எனக்கு சுகர் வந்ததற்கு அந்த நாலு நாள்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை, அப்படி ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் டயட் சார்ட் கொடுக்கிறவர்கள் ‘உங்க நாக்குதாம்மா காரணம்’ என்கிற மாதிரி பேசும்போது எரிச்சல் வருகிறது.

அப்படியானால் இந்தக் கஞ்சி யாருக்கு? குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நாலு கிராமங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. இரண்டு கிராமங்களில் அட்டோலே என்ற கஞ்சி, தானியமாவும் பால் பவுடரும் கலந்தது, நம் சத்துமாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வையுங்கள். மற்ற இரண்டில் புரதமே இல்லாத இனிப்புப் பானம். பிற்காலத்தில் கணக்கெடுத்தால், இரண்டு வயது வரை கஞ்சி குடித்த ஆண்கள் மணிக்கூலியில் மற்றவர்களைவிட சுமார் 46 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். கருவிலிருந்தே அது கிடைத்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரை நோய் குறைவு, ஆனால் உடல் பருமன் கூடுதல், அதையும் மறைக்கக் கூடாது. மூன்று வயதைத் தாண்டிக் குடித்தவர்களுக்குப் பலன் அந்த அளவு இல்லை. அதாவது மில் அண்ணன் விற்கிற பொருள் சரி, ஆள்தான் தப்பு. நாற்பது வயதுக்காரிக்கு விற்பதை பால்வாடிப் பிள்ளைக்கு விற்றிருக்க வேண்டும்.

போர்டின் இரண்டாவது வரிக்கு வருகிறேன், குழந்தை எடை. இது முழுப் பொய் இல்லை, பாதி. மும்பைக் குடிசைப் பகுதிகளில் 6,500-க்கும் மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு தினமும் கீரை, பழம், பால் சேர்த்த பலகாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பிள்ளை எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. கரு உண்டாவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே சாப்பிட்டவர்களுக்கு மட்டும் சுமார் 48 கிராம் கூடியது. கர்ப்பகால சர்க்கரையும் குறைந்தது, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம். ஆக இரண்டாம் மாதம் வாந்திக்கு நடுவில் டம்ளரை நீட்டிய நான் ஏற்கெனவே லேட்.

இன்னொன்று, தானியத்தில் வைட்டமின் பி12 கிடையாது. பூனாவில் தாய்க்கு ஃபோலேட் (அதுவும் ஒரு பி வைட்டமின்தான்) நிறைய இருந்து பி12 குறைவாக இருந்தபோது, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் இன்சுலின் சரியாக வேலை செய்யாதது தெரிந்தது. வீட்டுக்குப் பத்து நிமிஷ நடையில் காசிமேடு, நெத்திலியில் பி12 இருக்கிறது, முள்ளோடு தின்றால் கால்சியமும், அதை விட்டுவிட்டு 280 ரூபாய் மாவுக்கு ஓடினேன் பாருங்கள். தம்பி மனைவிக்கு மசக்கையில் மீன் வாடை ஆகவில்லை, இப்போது ஆறாம் மாதம், “அண்ணி, வறுத்தா மட்டும் திங்கறேன்” என்கிறாள். சரி, வறு. மாவில் பால் விட்டு ஒரு டம்ளர் சாயங்காலம், அது பசிக்கு நன்றாகத் தாங்குகிறது, அவளுக்கு சுகர் டெஸ்ட் நார்மல் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் தம்பிக்கு வருமானம் இல்லாதபோது அவள் தூங்காமல் புரண்டதுதான் எனக்குக் கவலையாக இருந்தது, அதற்கு எந்த மில்லிலும் மாவு இல்லை.

போன வாரம் மறுபடி போனேன். போர்டு இன்னும் தொங்குகிறது. ‘சர்க்கரை நோயை விரட்டும்’ என்பதையாவது எடுங்கள் என்றதற்கு, பிளெக்ஸ் அடிக்க 900 ரூபாய் ஆச்சுக்கா என்றார். ஆனால் ஜவ்வரிசியும் அரிசியும் இல்லாமல், பயறு கூட்டி, தனியாக அரைத்துத் தரச் சம்மதித்தார், கிலோவுக்கு 40 ரூபாய் கூட, முதல் நாளே சொல்லிவிட வேண்டும். டப்பா கொண்டு போங்கள், அவர் தரும் கவர் ஓட்டை. ஜிபே உண்டு. ஞாயிறு மதியத்துக்கு மேல் பூட்டியிருக்கும், மிளகாய் அரைத்த உடனே உங்கள் மாவைப் போடுகிறாரா என்று மட்டும் நின்று பாருங்கள், ஒரு தடவை எங்கள் கஞ்சி காரமாக இருந்தது.