பீட்சா அடுப்புன்னு சொல்லி 9,849 ரூபாயை ஏமாத்திட்டாங்க: வீடியோ கால்ல காட்டினா நம்பிராதீங்க

நேத்து ராத்திரி 10.40-க்கு, அடுப்பு வித்தவங்களுக்கு வாட்ஸ்அப்ல நான் போட்ட மெசேஜுக்கு ஒத்த டிக்தான் வந்துச்சு. காலைல எந்திரிச்சுப் பார்க்கேன், இன்னும் ஒத்த டிக். புரொஃபைல் போட்டோவையும் காணோம். என் தம்பி போன்ல அதே நம்பரைத் தட்டினா போட்டோ இருக்கு, ஆள் ஆன்லைன்லயே இருக்காரு. அப்ப என்னை பிளாக் பண்ணிட்டாங்க. அடுப்புக்கு 8,999, "ரிட்டர்ன் கூரியர்"னு சொல்லி வாங்கினது 850. மொத்தம் 9,849 ரூபாய். கை நடுங்குது, இருந்தாலும் சூடு ஆறதுக்குள்ள எழுதிரணும்னு உக்காந்துட்டேன். இன்னொருத்தங்க இதுல மாட்டக் கூடாது.

நான் பாளையங்கோட்டைல வீட்டுலயே கேக் போட்டு விக்கேன். 6 வருஷமாச்சு. எங்கிட்ட இருக்கிறது ஒரு ஓடிஜி (சின்ன கரண்ட் ஓவன்), அதுல எவ்வளவு கூட்டினாலும் 250 டிகிரிக்கு மேல போகாது. கேக்குக்கு அது தாராளம். பீட்சாவுக்குப் பத்தாது. 250-ல வச்சா வேக 10, 12 நிமிஷம் ஆகும், அதுக்குள்ள மாவுல இருக்கிற ஈரமெல்லாம் போயி ரஸ்க் மாதிரி ஆயிரும். இத்தாலில நேப்பிள்ஸ்ல விறகு அடுப்புல 430 டிகிரிக்கு மேல வச்சு ஒன்றரை நிமிஷத்துக்குள்ள எடுத்துருவாங்க. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். பீட்சா வைக்கிற கல்லு 350-ல இருந்து 400 வரைக்கும் போனா 3, 4 நிமிஷத்துல அருமையா வெந்துரும். அந்த வேலையைச் செய்யுற கரண்ட் அடுப்பு நிஜமாவே இருக்கு. அடியில ஒரு காயில், மேல ஒரு காயில், நடுவுல 12 இஞ்சு கல்லு, மூடி தாழ்வா இருக்கும். இடம் கொஞ்சமா இருக்கிறதால 1200 வாட்லயே 400 டிகிரி ஏறும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பீட்சா ஆர்டர் எடுக்கலாம்னு 8 மாசமா சீட்டுக் காசுல மிச்சம் பிடிச்சு வச்சிருந்தேன். பொண்ணோட பொறந்தநாளும் வந்துச்சு, சேர்த்து வாங்கிரலாம்னு நெனச்சேன்.

பேர் சொல்லலை. சோஷியல் மீடியால வீடியோ விளம்பரம் போட்டு வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுக்கிற கிச்சன் சாமான் கடைங்க இருக்குல்ல, அதுல ஒண்ணு. 12 இஞ்சு, 1500 வாட், 400 டிகிரி, கார்டியரைட் கல்லு (சூடு தாங்குற ஒரு வகைக் கல்லு), விலை 8,999-னு போட்டிருந்தாங்க. நான் உடனே வாங்கலை. ரெண்டு நாள் கேள்வியாக் கேட்டேன். பேசின தம்பி ஒரு தடவை கூட சலிச்சுக்கலை. "அக்கா, நீங்க சந்தேகப்படுறது நியாயம்தான், நான் லைவ்ல காட்டுறேன்"னு அவராவே வீடியோ கால் போட்டாரு.

அந்த 6 நிமிஷத்துலதான் நான் விழுந்தேன். அடுப்பு எரியுது. காயில் ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு. டெம்பரேச்சர் கன்னை கல்லு நடுவுல காட்டுறாரு, 386-னு நிக்குது. மாவை வைக்காரு, ஓரம் பொங்கி வருது, அங்கங்க கருத்த புள்ளி விழுது, நாலு நிமிஷம் ஆகுறதுக்கு முந்தியே வெளிய எடுத்துட்டாரு. பின்னாடி ஒரு அம்மா தட்டை நீட்டுறாங்க. "எங்க அம்மாக்கா, வீட்டுல இதேதான் ஓடுது"ங்காரு. பெத்த தாயைக் காட்டி ஒருத்தர் பொய் சொல்லுவாருன்னு எனக்குத் தோணவே இல்லை. கேஷ் ஆன் டெலிவரின்னா 300 கூடுதல்னு சொன்னாரு. அந்த 300-ஐ மிச்சம் பிடிக்கணும்னு முழுக் காசையும் ஜிபேல அனுப்பினேன். 8,999 ரூபாய். அனுப்பின அடுத்த நிமிஷம் "நன்றி அக்கா"ன்னு கைகூப்பின பொம்மை வந்துச்சு.

ஆறாம் நாள் பார்சல் வந்துச்சு. நான் வேற ஆர்டர் கேக்குக்கு கிரீம் அடிச்சுக்கிட்டு இருந்தேன், அத்தைதான் பிரிச்சாங்க. யாரும் வீடியோ எடுக்கலை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால இதை வச்சுத்தான் என்னை அடிச்சாங்க.

பொறந்தநாளுக்கு முந்தின நாளே ஒரு கிலோ மைதாவுக்கு 650 மில்லி தண்ணி ஊத்திப் பிசைஞ்சு 24 மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சேன். மாவு அவ்வளவு அழகா வந்திருந்துச்சு. மொசரெல்லா, தக்காளி சாஸ் எல்லாம் ரெடி. பிள்ளைங்க 9 பேர் ஹால்ல உக்காந்திருக்காங்க. அடுப்பை 20 நிமிஷம் காய விட்டேன். வீடியோல செக்கச்செவேல்னு இருந்த காயில் இங்க லேசாக் கூட செவக்கலை. சரி, பகல் வெளிச்சத்துல தெரியலை போலன்னு நெனச்சு முதல் பீட்சாவை வச்சேன். 5 நிமிஷம். 8 நிமிஷம். 14 நிமிஷம் ஆச்சு. மேல சீஸ் உருகி, எண்ணெய் பிரிஞ்சு, காஞ்சு தோல் மாதிரி ஆயிருச்சு. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தா அடிப்பக்கம் வெள்ளை வெளேர்னு, வைக்கும்போது தூவின மாவு கூட அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. விரல் வச்சா பிசுபிசுங்குது. காயாத கல்லுல தோசை ஊத்தினா எப்படி இருக்கும், அதே கதி. பொண்ணு அடுக்களைக்கு வந்து பார்த்துட்டு, "பரவால்லம்மா, தோசைக்கல்லுல போட்டு எடுத்துருவோம்"னா. 9 பீட்சாவையும் தோசைக்கல்லுல அடி வேக வச்சு, மேல ஓடிஜில உருக்கி, ஒவ்வொண்ணாக் கொண்டு போயி வச்சோம். அவ முகத்தைப் பார்க்க முடியலை என்னால.

அன்னைக்கு ராத்திரியே மெசேஜ் போட்டேன். "புது அடுப்புல அப்படித்தான் அக்கா, ரெண்டு மூணு தடவை எரிச்சா சரியாயிரும்." எரிச்சேன், ஆகலை. "உங்க ஊர்ல வோல்டேஜ் கம்மியா இருக்கும் அக்கா." அதுக்கப்புறம் "மாவுல தண்ணி ஜாஸ்தி." 6 வருஷமா மாவு பிசையுற எனக்கு இவரு தண்ணி அளவு சொல்லித் தராரு!

எங்க தெரு எலக்ட்ரீசியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வோல்டேஜ் 228 நின்னுச்சு, ஒரு குறையும் இல்லை. எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பிரிச்சு, ஃபேஸை மட்டும் தனியா எடுத்து கிளாம்ப் மீட்டரை மாட்டினாரு. 3.4 ஆம்பியர். "228-ஐ 3.4-ஆல பெருக்குங்கம்மா, 775 வாட்தான் வருது. 1500 வாட்டுன்னா 6 ஆம்பியருக்கு மேல இழுக்கணும்"னாரு. அப்புறம் அடுப்பைத் திருப்பிப் போட்டு, பின்னாடி ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால சுரண்டினாரு. வெள்ளி கலர் ஸ்டிக்கர், 1500 வாட்னு அச்சடிச்சது. அதுக்கு அடியில, தகட்டுலயே பதிச்சிருக்கு: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 800 வாட். மேல ஒரு பொய்யை ஒட்டி அனுப்பியிருக்காங்க. ஐஎஸ்ஐ முத்திரை எங்கயும் இல்லை. எந்த நாட்டுல செஞ்சதுன்னும் இல்லை, யாரு இறக்குமதி பண்ணினதுன்னும் இல்லை.

ஏசி மெக்கானிக் ஒருத்தர்கிட்ட டெம்பரேச்சர் கன் வாங்கிக் கல்லை அளந்தோம். (கொரோனா சமயத்துல நெத்தியில காட்டினாங்களே, அது இதுக்கு ஆகாது. உடம்புச் சூட்டை மட்டும்தான் காட்டும்.) 25 நிமிஷம் கழிச்சு 228 டிகிரி. அதுக்கு மேல தெர்மோஸ்டாட்டே கட் பண்ணிருது. என் பழைய ஓடிஜி இதை விட மேல் போகும்! கல்லுன்னு சொன்னதும் 6 மில்லிமீட்டர் கூட இல்லாத ஓடு. நாலாவது தடவை காய வச்சப்ப ஓரத்துல இருந்து நடு வரைக்கும் விரிசல் விட்டுருச்சு.

இதை விடப் பெரிய பயம் என்னன்னா, உடம்பு முழுக்கத் தகரமா இருக்கிற இந்த அடுப்புக்கு ரெண்டு பின் பிளக்கு. எர்த்தே கிடையாது. அண்ணாச்சி டெஸ்டரை மேல வச்சாரு, மினுக்குன்னு எரிஞ்சுச்சு. "ஈரக்கையோட தொட்டிருந்தீங்கன்னா?"ன்னு கேட்டாரு. பொறந்தநாள் அன்னைக்கு அந்த அடுப்பைச் சுத்தி 9 பிள்ளைங்க நின்னாங்க. காசு போனதை விட இதை நெனச்சாத்தான் எனக்கு இப்பவும் வயிறு கலங்குது.

எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்தக் கடைத் தம்பியோட பேச்சு மாறிருச்சு. "அன்பாக்சிங் வீடியோ இருக்கா மேடம்?" நேத்து வரைக்கும் அக்கா, இன்னைக்கு மேடம். வீடியோ இல்லைன்னேன். "அப்ப நீங்களே மாத்தி வச்சிருக்கலாம்ல?"ங்காரு. 8,999 ரூபாய் குடுத்து வாங்கின அடுப்புல நானே 800 வாட்னு தகட்டுல பதிச்சேனாம்.

நாலு நாள் கழிச்சு வேற நம்பர்ல இருந்து ஒரு பொண்ணு பேசுச்சு. நயமான குரல். "ரிட்டர்ன் அப்ரூவ் ஆயிருச்சு மேம், கூரியருக்கு மட்டும் 850 கட்டிருங்க, பிக்கப் வந்ததும் 9,849-ம் சேர்ந்தே வந்துரும்"னு சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரர் வேண்டாம்னாரு. நான்தான் 8,999 திரும்பி வருதேன்னு கட்டினேன். பிக்கப்புக்கு யாரும் வரலை. "நாளைக்கு வருவாங்க", "உங்க பின்கோடுக்கு சர்வீஸ் இல்லை", "டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன்", "மேனேஜர் லீவு". 12 நாள் இதே பாட்டு. நேத்து ராத்திரி, "நாளைக்குக் காலைல கன்ஸ்யூமர் ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணப் போறேன்"னு போட்டேன். அதுதான் அந்த ஒத்த டிக்.

விடியக்காலைல அந்த வீடியோ கால் ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதுல இருக்கிற அடுப்புல திருகுற குமிழ் மூணு இருக்கு. எனக்கு வந்ததுல ரெண்டுதான். ஆள் காட்டினது வேற அடுப்பு, அனுப்பினது வேற.

நல்ல அடுப்பு எப்படி வாங்குறதுன்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். முடியலை, மனசு அங்கயே நிக்குது. முக்கியமானதை மட்டும் சொல்லிருதேன்.

காசு அனுப்புறதுக்கு முன்னாடி பின்பக்கத் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வாட், வோல்ட், முத்திரை, செஞ்ச நாடு எல்லாம் அதுல தெரியணும். 1500 வாட்டுன்னு சொல்லிட்டு மெல்லிசு ஒயரும் சின்ன பிளக்கும் இருந்தா பொய்னு வச்சுக்கோங்க. அதுக்கு 16 ஆம்பியர் பெரிய பிளக்கு, எர்த்தோட வேணும். கல்லு எத்தனை மில்லிமீட்டர்னு ஸ்கேல் வச்சுக் காட்டச் சொல்லுங்க, 10-க்குக் கீழன்னா வேண்டாம். முழுக் காசையும் முன்கூட்டி அனுப்பாதீங்க, 300 போனாப் போகுது. பார்சலை எடுத்த உடனே வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. திருப்பி எடுக்க உங்ககிட்டயே காசு கேட்டா, ஒத்த பைசா கட்டாதீங்க. விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லைன்னா திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்ல ஆன்லைன் வியாபாரிக்கு உரிமையே இல்லை, 2020-ல வந்த இ-காமர்ஸ் விதியிலயே இருக்கு.

இன்னைக்குக் காலைல கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சுட்டேன், நம்பர் குடுத்திருக்காங்க. சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-லயும் சொல்லிட்டேன். இதை முதல் நாளே பண்ணியிருக்கணும், காசு போன உடனே சொன்னாத்தான் அவங்களால அந்த அக்கவுண்டை முடக்கப் பார்க்க முடியும். நான் 12 நாளை அவங்க நயமான பேச்சுல விட்டுட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கு நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, நம்ம ஊர்லயே கேஸ் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். 9,849 ரூபாய்க்கு யாரு அலைவான்னு அவங்க நெனச்சிருக்காங்க. நான் அலைவேன். அந்த ஸ்டிக்கரையும் தகட்டையும் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே என் தம்பி ஒரு விளம்பரம் அனுப்பினான். அதே வீடியோ, அதே 386, அதே அம்மா தட்டை நீட்டுறாங்க. கடை பேர் மட்டும் வேற, விலை 7,499. கீழ ஒரு அக்கா "காரைக்குடிக்கு டெலிவரி உண்டா?"ன்னு கேட்டிருக்காங்க, 20 நிமிஷத்துக்கு முன்னாடி. அவங்களுக்கு முதல்ல மெசேஜ் போட்டுட்டு வாரேன்.