பீரோ மேல் கிடந்த கை

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனபோது சித்தப்பாவின் செயற்கைக் கை துணி சுற்றி பீரோ மேல் கிடந்தது. அவருக்கு வலது முழங்கைக்குக் கீழே இல்லை. கை செய்து கொடுத்த இடத்தில் அளவெடுத்தார்கள், பொருத்தினார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பழகுவது என்று ஒரு வார்த்தை இல்லை. முதல் நாளே காலையிலிருந்து ராத்திரி வரை போட்டிருக்கிறார். "எரியுதுடா, விட்டுட்டேன்" என்றார்.

வேறொரு மருத்துவமனையின் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) பிரிவுக்கு அழைத்துப் போனேன். இரண்டு மணி நேரம் காக்க வைத்தார்கள், அது தனிக் கதை.

தெரபிஸ்ட் பெண் செயற்கைக் கையை அப்புறம்தான் எடுத்தார். முதலில், செயற்கைக் கைக்கு உள்ளே மீதிக் கையின் முனையில் போடும் உறையை மாட்டச் சொல்லிப் பார்த்தார். நுனியில் ஒரு சின்ன மடிப்பு. "இதுதான் ஐயா எரியுது" என்று இழுத்துச் சரிசெய்தார். ஆரம்பத்தில் ஒரு தடவைக்கு 15 முதல் 30 நிமிடம் செயற்கைக் கையைப் போட்டால் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். கழற்றியதும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். "சிவப்பு 20 நிமிஷத்துல மறையலைன்னா மறுபடி போடாம இங்க வந்துடுங்க." முனையை ராத்திரியில் கழுவச் சொன்னார், காலையில் கழுவி ஈரத்தோடு மாட்டினால் தோல் புண்ணாகுமாம்.

பிறகுதான் செயற்கைக் கையின் நுனியில் விரல்களுக்குப் பதிலாக இருக்கும் கொக்கி. தோளை முன்னே தள்ளினால் கேபிள் இழுத்துத் திறக்கும், தளர்த்தினால் ரப்பர் வளையங்கள் மூடிவிடும். சித்தப்பா மரக்கட்டைகளைச் சுலபமாக எடுத்தார். காகிதக் கப்பில்தான் மாட்டிக்கொண்டார். பிடிக்கிற பலம் ரப்பருடையது. கேபிளை லேசாக இழுத்தே வைத்திருக்காவிட்டால் கப் நசுங்கிவிடும். நான்கு கப் போச்சு. நான் உதவப் போனேன். "நீங்க சும்மா உட்காருங்க சார்" என்று ஒரு அதட்டல். சரிதான், வீட்டில் எல்லோரும் ஓடி ஓடிச் செய்ததும் அந்தக் கை பீரோ ஏறக் காரணம்.

கொக்கியில் பேனா பிடித்து எழுத வேண்டும் என்று சித்தப்பாவுக்குப் பிடிவாதம். எழுத்து இனி இடது கைக்கு, தாளை அழுத்திப் பிடிப்பது கொக்கிக்கு என்று அந்தப் பெண் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தார். சட்டை போடும்போது செயற்கைக் கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பதும் அன்று கற்றதுதான்.

அச்சடித்த குறிப்பு எதுவும் தரவில்லை. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு வந்தேன். நேற்று வீடியோ காலில் கேட்டேன். சட்டைப் பொத்தான் ஆகிவிட்டதாம். பத்துக் கப்பில் மூன்று இன்னும் நசுங்குகிறதாம்.