நாற்பது கையேடு, ஒரு பூசை: ஓர் அச்சுக்கடை அனுபவம்

அப்பா இறந்து ஒரு வருடம் ஆனதற்கு சிங்கப்பூர் ஆப்பீர் சாலை லூர்து மாதா கோவிலில், ஞாயிறு தமிழ்ப் பூசையில் கருத்து கொடுத்திருந்தோம், அதாவது அவருக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லியிருந்தோம். என் கணவர் வீட்டில் எல்லோரும் இந்துக்கள். செய்தி கேட்டதும் அத்தை, "சம்பந்தி திவசத்துக்கு நாங்க வராம எப்படிம்மா?" என்று சொல்லிவிட்டார். அவர் வருகிறார் என்றால் நாத்தனார், கொழுந்தனார், அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆள் வரும்.

என் கல்யாணத்தன்று அவர்கள் பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் முன்வரிசையைப் பார்த்துப் பார்த்து அரை நொடி தாமதமாகவே எல்லாம் செய்தார்கள். இந்த முறை கையில் ஒரு சிறு கையேடு கொடுத்துவிடலாம் என்று பிராஸ் பசா வட்டாரத்தில் ஓர் அச்சுக்கடைக்குப் போனேன். முதல் தடவை சொதப்பியதையும் எழுதப்போவதால் கடைப் பெயர் வேண்டாம்.

ஏ5 அளவு, 12 பக்கம், நடுவில் பின் அடித்தது, 40 பிரதி. பிரதிக்கு 2 வெள்ளி 80 காசு. நான் கொண்டுபோனது 10 பக்கம்தான். நடுவில் பின் அடித்தால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டுமாம். அதனால் கிடைத்த இரண்டு பக்கத்தில் ஒன்றில் அப்பா படம், இன்னொன்றில் கோவிலைப் பற்றி நாலு வரி போட்டேன்: 1888இல் கட்டி முடித்தது, பிரான்சின் லூர்து பேராலயத்தின் சாயலில் எழுந்தது, 2005இல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. மாமா பூசை தொடங்கும் முன் முதலில் படித்தது அந்தப் பக்கத்தைத்தான்.

சரி, சொதப்பலுக்கு வருகிறேன். மாதிரிப் பிரதியைத் திறந்தால் 'வேண்டுதல்' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், கூடவே ஒரு புள்ளி வட்டத்தையும் இழுத்து வைத்திருந்தது. 'நற்கருணை'யிலும் அதே கதை. பக்கத்துக்கு முப்பது இடமாவது இருக்கும். நான் அனுப்பியது வேர்ட் கோப்பு. அவர்கள் அதை வெட்டி வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பெல்லாம் இப்படித்தான் இடம் மாறுமாம்.

அங்கிருந்த சீனப் பையனுக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் மழுப்பவில்லை. எழுத்துரு உள்ளே பொதிந்த பிடிஎப் கேட்டு வாங்கி, என் தாளையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோலப்புள்ளி எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டான். கடைசியில் 'ணை'யைக் காட்டி, "இந்தத் தும்பிக்கை சரியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். சரிதான் என்றேன். இரண்டாவது அச்சுக்குக் காசு வாங்கவில்லை.

கடையை விட எனக்குத் தலைவலி கொடுத்தது ஏழாம் பக்கம். எங்கள் சபை முறைப்படி நற்கருணை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், கத்தோலிக்கருக்கு மட்டுந்தான். நான் எழுதியிருந்தது: "கத்தோலிக்கர் அல்லாதோர் நற்கருணை பெறக்கூடாது." கணவர் படித்துவிட்டு, "இது 'இங்கே வண்டி நிறுத்தாதே' மாதிரி இருக்கு" என்று பேனாவை எடுத்தார். அவர் மாற்றி எழுதியது இது: "இந்த நேரத்தில் இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம். ஆசீர் மட்டும் பெற விரும்பினால் வரிசையில் வந்து, இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள்." விஷயம் அதேதான். ஆனால் அதைப் படித்துவிட்டு அத்தை வரிசையில் எழுந்து நின்றார். நான் எழுதியபடி விட்டிருந்தால் எழுந்திருக்கவே மாட்டார்.

அதற்கு முன்னாலேயே அவருக்கு ஒரு சந்தேகம். "எங்க கோயில்ல பிரசாதம் வேணாம்னா தப்பு, இங்க கேட்டா தப்பா?" என்று வேனில் வரும்போதே கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இது பிரசாதம் இல்லை அத்தை, எங்களுக்கு அது ஆண்டவரேதான், அதனால்தான் இவ்வளவு கட்டுப்பாடு என்று ஏதோ சொன்னேன். பூசையில் நற்கருணை வாங்கப் போகுமுன் எல்லோரும் சேர்ந்து, நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன் என்று சொல்லும் இடம் வந்தது. அத்தை கையேட்டில் விரல் வைத்துப் படித்தபடி என் காதருகே குனிந்தார். "நீங்களும் தகுதியில்லைன்னு சொல்லிட்டுத்தானேம்மா போறீங்க?"

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் இடத்தில் மட்டும் அவருக்குக் கையேடே தேவைப்படவில்லை. சுற்றியிருந்தவர்கள் கைகூப்பியதும் தானும் கூப்பி, நாலு வரிசை பின்னால்வரை திரும்பித் திரும்பி எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். 'செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை' என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தேன். அதை யாரும் மதிக்கவில்லை. வாசலில் பதினோரு ஜோடி.

இந்த மாதிரி வேலைக்கு அச்சுக்கடை தேடுகிறவர்களுக்கு: வேர்ட் கோப்பு கொடுக்கவே கொடுக்காதீர்கள், பிடிஎப் கொடுங்கள். முழுவதும் அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி கேட்டு வாங்கி, 'ணை', 'கொ', 'வே' மூன்றையும் பாருங்கள். வழவழப்புத் தாள் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் பளபளத்து எழுத்து தெரியாது; நான் சாதாரணத் தாளே எடுத்தேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்தக் கொம்புகளுக்காக.

மாமா மட்டும் எழுத்து சிறிதாக இருக்கிறது என்றார். 12 புள்ளி போட்டிருந்தேன். நவம்பரில் கல்லறைத் திருநாள் பூசைக்கும் வருகிறார்களாம், அதற்கு 14 போடச் சொல்லியிருக்கிறேன். கடைப் பையன் அந்தப் பிடிஎப் கோப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறான்.