ஏழுக்கு ஏழு வைக்கிங் பலகை: மரவேலை நன்று, விதித்தாள் தவறு

பண்டாரவளைப் பக்கத்துத் தச்சுப்பட்டறை ஒன்று கிரவிலியா மரத்தில் செய்து 3,800 ரூபாய்க்கு விற்கும் நெஃபதாபல், அதாவது வட ஐரோப்பாவின் வைக்கிங் மக்கள் ஆடிய பலகை ஆட்டம் இது. 49 துளை, 13 முளைக்காய்: கறுப்பு 8, வெள்ளை 4, ராஜா 1. பகடை கிடையாது. ஆடுபுலி ஆடியவர்களுக்கு உடனே பிடிபடும், ஏனென்றால் இதிலும் இரு தரப்பும் சமமில்லை. ராஜா வெள்ளையின் துணையோடு மூலைக்குத் தப்பவேண்டும். கறுப்பு அவரை மடக்கவேண்டும்.

மாதிரி, 1932இல் அயர்லாந்தின் பாலிண்டெரியில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுப் பலகை. நடுத்துளை வட்டமும் மூலைக் கால்வட்டங்களும் அப்படியே வந்திருக்கின்றன. பதுளை ரயிலின் குலுக்கலிலும் காய் சரியாது.

ஆனால் 6 மில்லிமீற்றர் துளைக்கு 5.9இல் முளை சீவியிருக்கிறார்கள். ஹட்டன், நுவரெலியா மழைக்கு முளை ஊதி இறுகிவிடும். பிடுங்கினால் தலை மட்டும் கையோடு வரும். வெயில் நாளில் சாண்ட் பேப்பரால் 5.5 வரை தேய்த்து, மெழுகுதிரியை உலர்வாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசு பிடிக்கும். ஆடி முடிந்ததும் காய்களைப் பலகையில் விடாமல் மூடியுள்ள டின்னில் போடுங்கள். ராஜா மற்றக் காய்களைவிட 3 மில்லிமீற்றர்தான் உயரம், கழுத்தில் சிவப்பு நூல் சுற்றினால்தான் தெரிகிறார்.

பெரிய குறை விதித்தாள். "ஆயிரம் வருட விதி" என்று அச்சிட்டிருக்கிறார்கள். வைக்கிங் காலத்து விதி எழுத்தில் எதுவும் மிஞ்சவில்லை. இன்று ஆடுவதற்கு அடிப்படை, 1732இல் ஸ்கண்டிநேவியாவின் வடகோடியான லாப்லாந்தில் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் குறித்துவைத்த, ஒன்பதுக்கு ஒன்பது பலகையில் ஆடும் 'தாப்லுத்'. அந்த லத்தீன் குறிப்பைப் பிழையாக மொழிபெயர்த்ததில், ராஜாவை எங்கேயும் நாலு பக்கமும் சூழவேண்டும் என்று ஆகிவிட்டது. இந்தத் தாளும் அதையே சொல்கிறது. எட்டுக் கறுப்பில் நாலு ராஜாவுக்கே போனால் மூலைகளை யார் காப்பது? வெள்ளைதான் வென்றுகொண்டிருக்கும்.

இப்படி ஆடுங்கள்: ராஜாவைப் பிடிக்க, அவர் நடுத்துளையில் இருந்தால் நாலு கறுப்பு, அதை ஒட்டி நின்றால் மூன்று, வேறெங்கும் எதிரெதிரே இரண்டு. எல்லாக் காயும் சதுரங்கக் கோட்டைபோல நேராக எத்தனை துளையும் நகரலாம். நடுவிலும் மூலையிலும் ராஜா தவிர யாரும் நிற்கக்கூடாது. இரண்டு எதிரிக்கு இடையில் அகப்பட்ட காய் வெட்டுப்படும், தானே போய் நின்றது வெட்டுப்படாது. இதைத் தாளில் விட்டுவிட்டதால்தான் வீடுகளில் சண்டை வருகிறது.

பதினொன்றுக்குப் பதினொன்று, 37 காய்ப் பலகையும் அந்தப் பட்டறையில் உண்டு. மூன்று துண்டு ஒட்டியது, ஈரத்தில் மூட்டு பிரிகிறது. ஒரே பலகையில் செய்யும்வரை சின்னதையே வாங்குங்கள்.