வீட்டுப் பட்டறைக்குக் காற்றுக் குழாய்: பீவீசியா, பீபீஆரா, ஜீ.ஐ.யா?

வன்னியில் பீவீசி குழாய் இல்லாத வளவைக் காண்பது அரிது. கிணற்றடியிலிருந்து கச்சான் தோட்டம் வரை நீர் அதில்தான் ஓடுகிறது. மிஞ்சிய துண்டுகள் கொட்டில் மூலையில் கிடக்கும். மரவேலைக்கோ உழவு இயந்திரத் திருத்தத்துக்கோ கொம்பிரசர் (காற்றை அமுக்கும் இயந்திரம்) வாங்கியவரின் கை முதலில் அத்துண்டுகளை நோக்கிப் போவதில் வியப்பில்லை. ஆனால் கொம்பிரசரிலிருந்து கருவிகளுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயைத் தெரிவுசெய்கையில் முதலில் விலக்கவேண்டியது பீவீசியையே.

குழாயில் 1000 என்று அச்சிட்டிருப்பது 1000 கிலோபாஸ்கல், அதாவது 10 பார், நீரழுத்தத்தைக் குறிக்கிறது. கொம்பிரசர் 8 பாரில்தானே நிற்கிறது என்று கேட்கலாம். நீர் அமுங்குவதில்லை என்பதால் குழாய் வெடித்தாலும் அழுத்தம் உடனே இறங்கிவிடும். அமுங்கிய காற்றோ விரிந்துகொண்டே பீவீசித் துண்டுகளைக் கத்திபோல் வீசும். அத்துடன் 43 பாகை செல்சியஸில் பீவீசியின் தாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்தச் சூடு புதினமல்ல. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 1988இலேயே நிலத்துக்கு மேலான காற்றுக் குழாய்களுக்கு இது ஆகாதென எச்சரித்தது.

பீபீஆர் எனப்படும் பொலிபுறொப்பிலீன் பிளாஸ்ரிக் குழாயின் மூட்டுகள் 260 பாகையில் உருக்கி ஒட்டப்படுவதால் கசிவு குறைவு, துருவும் இல்லை. எனினும் காற்றுக்கு ஏற்றதென உற்பத்தியாளரே குறிப்பிட்டிருந்தால் மட்டும் வாங்கவேண்டும். வெப்பத்தில் அது நீளுவதே எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது: 10 மீற்றர் நீளம், காலைக்கும் மதியத்துக்கும் இடையில் 20 பாகை ஏறினால், 3 சென்ரிமீற்றர் வரை நீண்டு, தாங்கிகளுக்கு இடையே தொய்கிறது. இரும்பு அதே ஏற்றத்தில் 3 மில்லிமீற்றர்கூட நீளாது.

தொய்வைப் பொருட்படுத்துவதற்குக் காரணம் தண்ணீர். 30 பாகை, 80 வீத ஈரப்பதம் உள்ள காற்றை 8 பாருக்கு அமுக்கி மீண்டும் ஆறவிட்டால், உள்ளிழுத்த ஒவ்வொரு கனமீற்றருக்கும் ஏறத்தாழ 20 கிராம் நீர் பிரிகிறது. நிமிடத்துக்கு 200 லீற்றர் இழுக்கும் சிறு கொம்பிரசர் ஒரு மணிநேரம் ஓடினால் அது கால் லீற்றர். மார்கழி மழையில் பெயின்ற் அடிப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். தொய்ந்த இடங்களில் தேங்கும் அந்த நீர் அடுத்த வீச்சில் பெயின்ற் அடிக்கும் துப்பாக்கிக்குள் வரும்.

ஜீ.ஐ. குழாய், அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய், பாரமானது, மரை வெட்ட ஆள் வேண்டும், காலப்போக்கில் உள்ளே துருவும் பிடிக்கும். ஆகவே பெயின்ற் முனையில் வடிகட்டி கட்டாயம். ஆனால் சுவரில் நேராக நிற்கும், அழுத்தத்தைப் பற்றிய கவலை இல்லை, காற்றின் சூட்டை வெளியே விடுவதால் நீர் கருவிக்கு முன்னரே பிரிந்துவிடும். செம்பு இதைவிடச் சிறந்தது, விலைதான் இடறுகிறது. எனவே என் தெரிவு முக்கால் அங்குல ஜீ.ஐ. தான். மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் சரிவு கொடுத்து, கிளைகளைக் குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் நீர் வடிக்கும் வால்வு வைக்கவேண்டும். கொம்பிரசரின் அதிர்வு மரைகளைத் தளர்த்தாதிருக்க, அதற்கும் குழாய்க்கும் இடையில் ஒரு முழம் இறப்பர் ஹோஸ் போதும்.

ஒரேயொரு மேசையில் மட்டும் வேலை செய்பவருக்கு இவ்வளவும் தேவையில்லை. 20 பார் தாங்கும் நல்ல இறப்பர் ஹோஸ் ஒன்றை வாங்கிக் கூரை வளையில் தொங்கவிடலாம்.