தமிழ் லெக்சிகன் ஆன்லைன்ல: ‘வெஃகு’ங்கிற சொல்லைத் தேடிப் பாருங்க

சென்னைப் பல்கலைக்கழகத்தோட பெரிய அகராதியான தமிழ் லெக்சிகன், சிகாகோ பல்கலைக்கழக சைட்ல ஃப்ரீயாவே கிடைக்குது, தமிழ்ல எழுதுறவங்க படிக்கிறவங்க எல்லாரும் கண்டிப்பா புக்மார்க் பண்ணி வைங்க. 1924ல ஆரம்பிச்சு 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, 1926லேர்ந்து வையாபுரிப் பிள்ளை தலைமைப் பதிப்பாசிரியர், லட்சத்துக்கும் மேல சொல் இருக்கு. இங்கிலீஷ்ல பொருள், தமிழ்ல பொருள், கூடவே பழைய நூல்லேர்ந்து ஆதாரமும் காட்டும். அந்த ஆதாரம்தாங்க இதோட உசுரே.

‘வெஃகு’ எடுத்துக்கோங்க. குறள்ல 18வது அதிகாரம் வெஃகாமை, ஸ்கூல்ல படிச்சிருப்போம், ஆனா நெறைய பேரு இதையும் பொறாமையையும் ஒண்ணுன்னே நெனச்சிட்டு இருக்காங்க. அதுக்கு முந்தின அதிகாரமே அழுக்காறாமைதானே, ரெண்டும் ஒண்ணுன்னா வள்ளுவர் எதுக்குத் தனித்தனியா பத்துப் பத்து குறள் எழுதப் போறாரு? அடுத்தவன் நல்லா இருக்கிறதப் பொறுக்க முடியாம வயிறு எரியுறது அழுக்காறு, அவன்கிட்ட இருக்கிறது நமக்கு வந்துடணும்னு மனசு அலையுறது வெஃகுறது. “வெஃகாமை வேண்டும் பிறன்கைப் பொருள்”னு 178வது குறள் நேராவே சொல்லுது. பரிமேலழகர் இன்னும் தெளிவு, பிறர் உடைமையைப் பாத்து பொறாமைப்படுறது மட்டுமில்ல, அத வௌவ நெனைக்கிறதும் குத்தம், அதனாலதான் அழுக்காறாமைக்குப் பின்னாடி இந்த அதிகாரத்த வச்சாருங்கிறாரு. அகராதியோட நிறுத்தாம இப்படி உரை வரைக்கும் போனாதான் சொல் முழுசா பிடிபடும்.

குறைன்னா, நூல் பேரெல்லாம் சுருக்கமா போட்டிருக்கும், புதுசா பாக்குறவங்களுக்கு எது எந்த நூல்னு புரியாது. அப்புறம் இது 90 வருஷத்துக்கு முந்தின வேலை, இன்னைக்குப் பேச்சுக்கு இத மட்டும் நம்ப முடியாது.

‘வெஃகு’ இப்போ யாரு வாயிலயும் வர்றதில்ல, ஆனா அந்த வித்தியாசம் பேச்சுல இன்னும் உசுரோட இருக்கு. “புது வீட்டுக்கு எவனோ கண்ணு போட்டுட்டான்”னா அது பொறாமை, “என் இடத்து மேல கண்ணு வச்சிட்டான்”னா அது சுத்தமா வெஃகுறதுதான்! இந்த மாதிரி இன்னைக்கு வழக்குக்கு க்ரியா பதிப்பகத்தோட தற்காலத் தமிழ் அகராதி பக்கத்துல இருக்கணும், எடுத்துக்காட்டு வாக்கியத்தோட பொருள் சொல்லும், 2020ல மூணாவது பதிப்பு வந்துச்சு. பழசுக்கு லெக்சிகன், புதுசுக்கு க்ரியா, ரெண்டுமே வச்சுக்கோங்க, ஒண்ணுதான்னா ஃப்ரீயா கிடைக்கிற லெக்சிகன்லேர்ந்து ஆரம்பிங்க.